கணக்கில் வராத மிச்சம்

(ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இயற்கையிடம் மனிதன் காட்டும் ஆணவம், புனைகதைகளில் அதற்கு வரும் விளைவு. இதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. இந்தத் தலைப்பில் எதைப் பேசினால் கைதட்டல் விழும் என்பது மேடை ஏறிப் பழகிய எவருக்கும் தெரியும். மனிதன் பேராசைப்பட்டான், மரத்தை வெட்டினான், ஆற்றைக் கெடுத்தான். இயற்கை பொங்கி எழுந்து பழி தீர்த்தது. சுனாமி, பூகம்பம், ராட்சதப் பாம்பு என்று நாம் பார்த்த பாதிப் படங்கள் இந்த அச்சில் வார்த்தவைதான். வில்லன் கடைசிக் காட்சியில் முதலை வாயில் போவான். நாமும் நிம்மதியாக எழுந்து வீட்டுக்கு வருவோம்.

இந்தக் கதையோடு எனக்கு உடன்பாடில்லை. இயற்கை பழிவாங்குகிறது என்று நம்புவதே ஆணவத்தின் இன்னொரு முகம். கடலும் மலையும் வேறு வேலை இல்லாமல் நம்மையே நினைத்துக் கறுவிக்கொண்டிருக்கின்றன என்று எண்ணுவதற்கு எவ்வளவு தலைக்கனம் வேண்டும்! பெரிய எழுத்தாளர்கள் இதை நம்பவில்லை. அவர்களுடைய கதைகளில் இயற்கை யாரையும் தண்டிப்பதில்லை. மனிதன் ஒரு கணக்குப் போடுகிறான். அதில் எதையோ எண்ணாமல் விடுகிறான். விட்டது ஒருநாள் வந்து நிற்கிறது. அதுவும் பெரும்பாலும் கணக்குப் போட்டவன் வாசலில் நிற்பதில்லை. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். சில கதைகளை வைத்து இதைப் பார்க்கலாம்.

முதலில் ஜாக் லண்டன் எழுதிய ஒரு சிறுகதை. கனடாவின் வடமேற்கில் கிளான்டைக் என்ற பகுதிக்கு 1897இல் தங்கம் தேடிப் போனவர்களில் அவரும் ஒருவர். அந்தக் குளிரை உடம்பால் அறிந்தவர். அங்கே தீ மூட்ட முயலும் ஒருவனைப் பற்றிய கதை இது. அவன் ஒரு நாயோடு தன்னந்தனியாகப் பனியில் நடந்துபோகிறான். குளிர், ஃபாரன்ஹீட் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே 75. நமக்குப் பழகிய செல்சியஸில் மைனஸ் 59. துப்பினால் எச்சில் தரையைத் தொடுமுன் காற்றிலேயே உறைந்து சடசடக்கிறது. இப்படிப்பட்ட குளிரில் தனியாகக் கிளம்பாதே என்று அந்தப் பகுதியில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு கிழவர் அவனிடம் சொல்லியிருக்கிறார். இவன் அதைக் கேட்டுச் சிரித்தவன்.

ஆனால் அவன் முட்டாள் அல்ல, சோம்பேறியும் அல்ல. பனிக்கு அடியில் உறையாமல் ஓடும் ஊற்றுகள் உண்டு என்பது தெரிந்து, பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறான். சந்தேகமான இடத்தில் நாயை முன்னே தள்ளிவிட்டுச் சோதிக்கிறான். அப்படியும் ஓரிடத்தில் பனி உடைந்து கால் நனைந்துவிடுகிறது. அந்தக் குளிரில் கால் நனைந்தால் உடனே நெருப்புக் காய வேண்டும். இல்லையென்றால் கால் போய்விடும். அவன் பதறவில்லை. சுள்ளி பொறுக்கி, பக்குவமாக நெருப்பு மூட்டுகிறான். நெருப்பும் பிடித்துக்கொள்கிறது. தனியாக இருந்தும் சமாளித்துவிட்டேனே, அந்தக் கிழவர் வெறும் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொள்கிறான்.

நெருப்பு மூட்டிய இடம் ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தடி. சுள்ளி பறிக்க அதுதான் வசதி. வாரக்கணக்கில் காற்றே இல்லாததால் மரத்தின் கிளைகள் எல்லாம் பனியைச் சுமந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு சுள்ளியை இழுக்கும்போதும் மரம் கண்ணுக்குத் தெரியாத அளவு அதிர்ந்தது. மேலே ஒரு கிளை தன் பனியைக் கீழே உள்ள கிளையில் கொட்டியது. அது அதற்குக் கீழே கொட்டியது. கடைசியில் மொத்தமும் சரிந்து நெருப்பின் மேல் விழுந்தது. அணைந்த இடத்தில் புதுப் பனிக் குவியல். அதற்குப் பிறகு அவன் விரல்கள் தீக்குச்சியைப் பிடிக்கவில்லை.

இதில் மரத்துக்கு அவன்மேல் ஏதாவது கோபம் இருக்கிறதா? பனிக்கு? ஒன்றும் இல்லை. சுள்ளியை எண்ணினான், தீக்குச்சியை எண்ணினான், தலைக்கு மேலே இருந்த சுமையை எண்ணவில்லை. இந்தக் கதையை லண்டன் இரண்டு தரம் எழுதினார். 1902இல் சிறுவர் பத்திரிகைக்காக எழுதியதில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. அவன் பிழைத்துக்கொள்கிறான், பாடமும் கற்கிறான். 1908இல் மறுபடி எழுதியபோது பெயரை எடுத்துவிட்டார், உயிரையும் எடுத்துவிட்டார். நாயைச் சேர்த்தார். எஜமான் இறந்ததும் அந்த நாய் ஊளையிட்டுவிட்டு, நெருப்பும் சோறும் கிடைக்கும் அடுத்த முகாமைத் தேடி ஓடிப்போகிறது. முதல் கதையை யாரும் படிப்பதில்லை. உலகம் படிப்பது இரண்டாவதைத்தான்.

இதற்கு நேர் எதிரான ஒருவனைப் பார்க்கலாம். ஹெர்மன் மெல்வில் 1851இல் எழுதிய 'மோபி டிக்' நாவலின் கப்பல் தலைவன் ஆகாப். தன் காலைக் கடித்துக்கொண்டு போன வெள்ளைத் திமிங்கிலத்தைக் கொல்ல வேண்டும் என்று ஒரு கப்பலையே இழுத்துக்கொண்டு கடல் கடலாக அலைகிறான். லண்டனின் மனிதன் குளிரை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்றால், ஆகாப் திமிங்கிலத்தை அளவுக்கு மீறி மதிக்கிறான். அது வேண்டுமென்றே, தன்மேல் வன்மம் வைத்துத்தான் கடித்தது என்கிறான். புத்தியில்லாத ஒரு பிராணி தன் இயல்பில் செய்ததற்குப் பழிவாங்கக் கிளம்புவது தெய்வக் குற்றம் அல்லவா என்று துணைத் தலைவன் ஸ்டார்பக் கேட்கிறான். ஆகாப் காதில் ஏறவில்லை. நான் முன்பு சொன்ன தலைக்கனம் இதுதான். கடலில் ஒரு மிருகம் தன்னை மட்டுமே தனக்குப் பகையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டது என்று நம்புவது.

இந்த நாவலில் என்னை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று அறியச் சூரியனின் உயரத்தை அளக்கும் ஒரு கருவி வைத்திருப்பார்கள். ஆகாப் அதைக் கையில் எடுத்து அளக்கிறான். பிறகு அதன்மேல் எரிச்சல் வருகிறது. நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லத் தெரிந்த உனக்கு, நாளைக்கு எங்கே இருப்பேன் என்று சொல்லத் தெரியாதே என்று கருவியோடு சண்டை பிடிக்கிறான். தளத்தில் போட்டுக் காலால் மிதித்து உடைத்துவிடுகிறான். மாலுமிகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கப்பலின் கதை அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது என்பேன். திமிங்கிலம் வருவதற்கு இன்னும் பல அத்தியாயங்கள் இருக்கின்றன. ஆனால் அளப்பதை நிறுத்திய அன்றே அவர்கள் மூழ்கிவிட்டார்கள்.

விளைவு யாருக்கு வந்தது? ஆகாப் செத்தான், சரி. அவனோடு கப்பல் முழுக்கச் செத்தது. சம்பளத்துக்கு வந்தவர்கள், தூர தேசத்துத் தீவுகளிலிருந்து வந்தவர்கள், கப்பலில் வேலைபார்த்த சிறுவன் எல்லோரும். கதையைச் சொல்ல இஷ்மேல் ஒருவன் மட்டும் மிஞ்சினான். திமிங்கிலத்தோடு பகை ஒருவனுக்கு, தண்ணீருக்குள் போனது எல்லோரும்.

மெல்வில் இதை ஆகாயத்திலிருந்து பிடிக்கவில்லை. 1820 நவம்பரில், அமெரிக்காவின் நான்டக்கெட் தீவிலிருந்து வேட்டைக்குப் போன 'எஸ்ஸெக்ஸ்' என்ற கப்பலைப் பசிபிக் கடலில் ஒரு திமிங்கிலம் மோதி உடைத்தது. அன்றைக்கு விளக்கெரிக்கவும் மெழுகுவத்தி செய்யவும் திமிங்கில எண்ணெய்தான் வேண்டும், அதற்காகத்தான் வேட்டை. 20 பேர் மூன்று சிறு படகுகளில் தப்பினார்கள். மேற்கே போனால் தீவுகள் அருகில் இருந்தன. அங்கே நரமாமிசம் தின்பவர்கள் இருப்பார்கள் என்று பயந்து, பல ஆயிரம் மைல் தொலைவிலுள்ள தென் அமெரிக்காவை நோக்கிப் படகுகளைத் திருப்பினார்கள். வழியில் சாப்பாடு தீர்ந்துபோக, இறந்த தோழர்களின் உடலை அவர்களே தின்ன நேர்ந்தது. 8 பேர் பிழைத்தார்கள். எந்தக் காட்டுமிராண்டித்தனத்துக்குப் பயந்து ஓடினார்களோ அதைத் தங்கள் படகிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். எழுத்தாளன் கற்பனையில்கூட இப்படி ஒரு திருப்பத்தை வைக்கத் தயங்குவான்.

வெளியூர்க் கதைகள் போதும், நம் பாரதத்துக்கு வருவோம். வில்லிபுத்தூரார் பாரதத்தில் காண்டவ தகனம் தனிச் சருக்கமாகவே வருகிறது. பாண்டவர்களுக்குப் பங்காகக் கிடைத்தது காண்டவப்பிரஸ்தம். பக்கத்தில் காண்டவ வனம். வேள்வி நெய்யைக் குடித்துக் குடித்து மந்தப்பட்டுப்போன அக்கினி தேவன், அந்தக் காடு முழுவதையும் எனக்கு உணவாகக் கொடு என்று கேட்டு வருகிறான். கண்ணனும் அர்ச்சுனனும் ஒத்துக்கொள்கிறார்கள். காண்டீவம் என்ற வில்லும், அம்பு குறையாத தூணியும், தேரும் கைக்கு வருகின்றன. காட்டுக்கு இரு பக்கமும் தேரில் நின்று, தப்பி ஓடும் உயிர்களை மறுபடி நெருப்புக்குள் தள்ளுகிறார்கள். இந்திரன் மழை பெய்து அணைக்கப் பார்க்கிறான். அர்ச்சுனன் அம்புகளாலேயே கூரை போட்டு மழையைத் தடுக்கிறான்.

சிறு வயதில் இதை வீரக் கதையாகத்தான் கேட்டோம். வளர்ந்த பிறகு படித்தால் அடிவயிறு கலங்குகிறது. மராத்தி அறிஞர் ஐராவதி கார்வே, மகாபாரதத்தைப் பற்றி எழுதிய 'யுகாந்தா'வில் இந்த எரிப்பை மன்னிக்காமல் விசாரித்திருக்கிறார். ஆனால் வியாசரே விசாரித்திருக்கிறார் என்பது என் எண்ணம். எப்படி என்று சொல்கிறேன்.

நெருப்பு, கடன், பகை மூன்றிலும் மிச்சம் வைக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். காண்டவத்தில் மிச்சம் இருந்தது. அந்தத் தீயிலிருந்து தப்பியவை ஆறு உயிர்கள் என்று மகாபாரதம் பெயர் சொல்லி எண்ணி வைத்திருக்கிறது. தட்சகன் என்ற நாகத்தின் மகன் அசுவசேனன், மயன் என்ற அசுர சிற்பி, நான்கு பறவைக் குஞ்சுகள். அன்றைக்குத் தட்சகன் ஊரில் இல்லை. அவன் மனைவி மகனைக் காப்பாற்றும் முயற்சியில் அர்ச்சுனன் அம்புக்குப் பலியானாள்.

இனி அந்த மிச்சத்தின் கணக்கைப் பாருங்கள். உயிர்ப்பிச்சை பெற்ற மயன் நன்றிக்கடனாக ஒரு மண்டபம் கட்டிக்கொடுத்தான். அந்த மண்டபத்தில்தான் துரியோதனன் தரை எது, தண்ணீர் எது என்று தெரியாமல் விழுந்து அவமானப்பட்டான். அந்த அவமானம் சூதாட்டத்துக்குப் போனது, சூதாட்டம் குருக்ஷேத்திரத்துக்குப் போனது. அசுவசேனன் போர்க்களத்தில் கர்ணனின் அம்பில் ஏறி வந்தான். அர்ச்சுனன் தலை தப்பி, மகுடம் மட்டும் போனது. தட்சகன் காத்திருந்து, அர்ச்சுனனின் பேரன் பரீட்சித்தைக் கடித்துக் கொன்றான். முனிகுமாரன் சாபம்தானே காரணம் என்பீர்கள். உண்மைதான். அந்தச் சாபத்தை நிறைவேற்ற வந்தவன் யார் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். தந்தையைக் கொன்ற நாகங்களின் குலத்தையே எரிக்கிறேன் என்று பரீட்சித்தின் மகன் ஜனமேஜயன் வேள்வி நடத்தினான். காட்டை எரித்தவனின் கொள்ளுப்பேரனும் நெருப்புதான் மூட்டுகிறான். மகாபாரதம் முழுவதும் அந்த வேள்விச் சாலையில் சொல்லப்பட்ட கதை. ஆஸ்திகன் என்ற இளைஞன் வந்து வேள்வியை நிறுத்தும்வரை அது எரிந்துகொண்டிருந்தது.

அர்ச்சுனன் அன்றைக்குத் தோற்கவில்லை. வென்றான், வரம் வாங்கினான், வில் வாங்கினான். பாக்கி பேரனுக்குப் போனது.

இதையே நம் காலத்து மொழியில், கணினியை வைத்துச் சொன்னவர் மைக்கேல் கிரைட்டன். 'ஜுராசிக் பார்க்' படத்தைப் பார்க்காதவர் இங்கே குறைவு. 1990இல் வந்த மூல நாவலில், படத்தில் இல்லாத ஒரு காட்சி உண்டு. தீவிலுள்ள டைனோசர்களைக் கணினி தானாகவே எண்ணிக்கொண்டிருக்கிறது. விட்டது 238, இருப்பது 238, ஒன்றும் குறையவில்லை என்று அதிகாரிகள் பெருமையாகக் காட்டுகிறார்கள். விருந்தாளியாக வந்த கணித அறிஞர் மால்கம், அதைவிட அதிகமாகத் தேடச் சொல்லிப் பாருங்கள் என்கிறார். தேடினால் 292 வருகிறது. அதுவரை 238 கிடைத்தவுடன் கணினி எண்ணுவதை நிறுத்திக்கொண்டிருந்தது. மிருகம் குறைந்துவிடுமோ என்றுதான் அவர்களுக்குப் பயம். எல்லாமே பெண் விலங்குகள், பெருகவே முடியாது என்பது அவர்கள் முடிவு. மரபணுவில் இருந்த ஓட்டையை அடைக்கத் தவளையின் மரபணுவைச் சேர்த்திருந்தார்கள். சில தவளைகள் தேவைப்பட்டால் பால் மாறக்கூடியவை. பல கோடி போட்டு வாங்கிய இயந்திரம் எஜமானுக்குப் பிடித்த விடையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. நம் அலுவலகங்களில் இதற்கு டைனோசர்கூடத் தேவையில்லை.

தமிழில் இந்தப் பொருளைத் தொட்ட நாவல்களில் நான் முதலில் வைப்பது சா. கந்தசாமியின் 'சாயாவனம்'. 1960களின் இறுதியில் வெளிவந்தது. எழுதியபோது அவர் இளைஞர். சுற்றுச்சூழல் என்ற பேச்சே தமிழில் பழக்கத்துக்கு வராத காலம். பூம்புகார்ப் பக்கத்தில் சாயாவனம் என்ற ஊர் உண்மையிலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் சம்பாதித்துத் திரும்பிய சிதம்பரம், அங்கே காடாக மண்டிக்கிடந்த ஒரு பெருந்தோட்டத்தை விலைக்கு வாங்குகிறான். கரும்பாலை வைப்பது திட்டம்.

நாவலின் பெரும்பகுதி அந்தத் தோட்டத்தை அழிக்கும் வேலைதான். அரிவாளோடு உள்ளே நுழைகிறான். கொடிகளை அறுக்கிறான், முள்ளை விலக்குகிறான், வழி உண்டாக்குகிறான், அடுத்த நாள் மறுபடி வருகிறான். கை ஓயாத உழைப்பு. வெட்டி மாளாது என்று தெரிந்த பிறகு நெருப்பு வைக்கிறான். கந்தசாமி எங்கேயும் குரலை உயர்த்துவதில்லை. ஐயோ பாவம் என்று ஒரு வரி கிடையாது. வேலை நடக்கிறது, மரம் எரிகிறது, அவ்வளவுதான். சிதம்பரத்தை நம்மால் வெறுக்க முடியாது. நல்லவன், மரியாதை தெரிந்தவன், ஊருக்கு ஏதோ கொண்டுவருகிறோம் என்று மனதார நம்புகிறவன். அவன் நம் வீட்டு மாப்பிள்ளையாக வந்தால் வேண்டாம் என்போமா?

ஆலை வருகிறது. கடைசியில் பிரச்சினை எங்கே வருகிறது தெரியுமா? புளியில். அந்தத் தோட்டத்துப் புளியமரங்கள்தான் ஊருக்கே ஆண்டுப் புளி கொடுத்துக்கொண்டிருந்தன. அவையும் கருகிப்போயின. வெளியிலிருந்து வாங்கி வந்த புளி ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. ஓர் ஆச்சி அதை அவனிடம் சொல்லிக்காட்டுகிறாள். அனுப்புவதற்கு இனி உன்னிடம் என்ன இருக்கிறது என்பதுதான் அவள் கேள்வியின் சாரம். நாவல் அங்கே முடிகிறது. வெள்ளம் இல்லை, நிலநடுக்கம் இல்லை. குழம்பில் ருசி மாறிவிட்டது. கரும்பு எவ்வளவு, பணம் எவ்வளவு, ஆள் எவ்வளவு என்று எல்லாம் எண்ணியவன் புளியை எண்ணவில்லை. அந்தப் புளியைத் தினமும் உறியில் தொங்கும் பானையிலிருந்து எடுத்துக் கரைக்கும் பெண்களிடம் அவன் கேட்கவே இல்லை. தமிழில் இவ்வளவு அடக்கமான குரலில் இவ்வளவு பெரிய குற்றப்பத்திரிகை எழுதப்பட்டதில்லை என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். முன்வரிசையில் ஓரிருவர் முகத்திலேயே தெரிகிறது. காட்டை வெட்டாமல் வயல் உண்டா? ஆலை வேண்டாம், கப்பல் வேண்டாம் என்றால் நாம் குகையில்தானே இருந்திருப்போம்? சரியான கேள்வி. காட்டைத் திருத்தி நாடாக்கியதற்காகப் பட்டினப்பாலை கரிகாலனைப் புகழவே செய்கிறது. ஆனால் அதே மூச்சில் குளம் வெட்டியதையும் சொல்கிறது. எடுத்தவன் என்ன வைத்தான் என்பதும் அந்தப் புலவருக்குக் கணக்கில் உண்டு. இயற்கையைத் தொடவே கூடாது என்று இந்தக் கதைகள் எதுவும் சொல்லவில்லை. லண்டனின் கிழவர் பயணமே போகாதே என்று சொல்லவில்லை; தனியாகப் போகாதே என்றார். ஸ்டார்பக் திமிங்கில வேட்டையை எதிர்த்தவன் இல்லை. எண்ணெய்க்குத்தான் வந்தோம், பழிக்கு வரவில்லை என்றான். எச்சரிக்கை எப்போதும் சின்னதாக, நடைமுறைக்கு ஏற்றதாகவே இருந்திருக்கிறது. அதைக்கூடக் கேட்க முடியாத செவியைத்தான் ஆணவம் என்கிறோம்.

கேட்டவன் ஒருவன் இருக்கிறான். அவனைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818இல் வந்தது. அதற்கு முன், 1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பல் வானத்தில் பரவியதால் 1816இல் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஓயாத மழை. ஜெனீவா ஏரிக்கரையில் நண்பர்களோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, பொழுதுபோக்காக ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பேசிக்கொண்டதில் பிறந்த கதை இது. அப்போது மேரிக்கு வயது 18. உலகின் மறுகோடியில் வெடித்த மலைதான் தன்னை வீட்டுக்குள் உட்கார வைத்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

பிணங்களின் உறுப்புகளைக் கோத்து உயிர் கொடுத்த விக்டரின் கதை உங்களுக்குத் தெரியும். படைத்ததும் பயந்து ஓடினான். அதன் விலையைத் தம்பி, நண்பன், மனைவி, ஒரு பாவமும் அறியாத வேலைக்காரப் பெண் ஆகியோர் கொடுத்தார்கள். இந்தக் கதையை நமக்குக் கடிதங்களாக எழுதி அனுப்புகிறவன் வால்டன் என்ற கப்பல் தலைவன். வட துருவத்தை எட்டிவிட வேண்டும் என்று கிளம்பியவன். பனிக்கட்டிகள் நாலா பக்கமும் கப்பலை நெருக்குகின்றன. மாலுமிகள் வந்து, பனி விலகி வழி கிடைத்தால் தெற்கே திரும்பிவிட வேண்டும் என்று கேட்கிறார்கள். சாகக் கிடக்கும் விக்டர் எழுந்து உட்கார்ந்து, நீங்கள் ஆண்பிள்ளைகளா, கோழைகளா என்று வீராவேசமாகப் பேசுகிறான். இவ்வளவு பட்டும் அவனுக்குப் புத்தி வரவில்லை! வால்டனுக்கும் துருவத்தை விட மனமில்லை. திரும்பிப் போவது அவனுக்குக் கசப்பாகவே இருக்கிறது. ஆனாலும் சரி என்கிறான். கப்பல் திரும்புகிறது. மிஞ்சியிருந்தவர்கள் உயிரோடு ஊர் நோக்கிப் போகிறார்கள்.

வால்டன் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? இந்தக் கதையை வைத்து எடுத்த படங்களில் பலவற்றில் அவன் இல்லவே இல்லை. திரும்பி வந்தவனுக்குச் சிலை கிடையாது, படம் கிடையாது. இழந்தவனுக்குத்தான் காவியம். இலக்கியத்துக்குள்ளேயே இருக்கும் ஓரவஞ்சனை இது. வாசகர்களாகிய நாம்தான் இதைச் சரிசெய்ய வேண்டும்.

எப்படி என்று கேட்டால், ஒரு யோசனை. இனி உங்கள் ஊருக்கு அணை, ஆலை, துறைமுகம், நாலுவழிச் சாலை எது வருவதாகச் செய்தி வந்தாலும், அந்தத் திட்ட அறிக்கையை ஒரு நாவல் படிப்பதுபோலப் படியுங்கள். இதில் லண்டனின் கிழவர் யார்? அவரை எந்தப் பக்கத்தில் சிரித்து அனுப்பியிருக்கிறார்கள்? எண்ணிக்கை 238 என்று வந்திருக்கிறதே, அதற்கு மேல் தேடினார்களா? புளி யாருடையது, அவர்களிடம் கேட்டார்களா? பாக்கி யார் பேரனுக்குப் போகும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருந்தால் ஆலை வரட்டும், தாராளமாக வரட்டும். பதில் இல்லையென்றால் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். கேட்டதற்காக உங்களைப் பற்றி யாரும் கதை எழுத மாட்டார்கள். வால்டனுக்கும் எழுதவில்லை, ஆனால் அவனுடைய மாலுமிகள் வீடு நோக்கித் திரும்பினார்கள்.